ரத்தினவேல் போட்ட பாதி ஊசிகள்

ஆலங்குடிச் சாலையில் இருந்த தரும ஆஸ்பத்திரியின் பணிப் பதிவேட்டில், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் கு. ரத்தினவேலுக்கு ஒதுக்கிய பக்கத்தில் நான்கு பதிவுகளே உள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்த 1948 மார்ச்சில் அவர் வேலையில் சேர்ந்தார் என்பது முதலாவது. ‘ஊசி போடும் பணியிலிருந்து விலக்கப்பட்டார், காரணம், அவர் தாமே தெரிவித்த செய்தி’ என்பது 1957 ஜூலை 13ஆம் தேதியிட்ட இரண்டாவது. ‘இனி வார்டுக்குள் நுழைதல் கூடாது, கொதிநீர் அறை மட்டும்’ என்பது அதே ஆண்டு ஆகஸ்டு 21ஆம் தேதியிட்ட மூன்றாவது. 1964இல் ஓய்வு பெற்றதைக் குறிப்பது நான்காவது.

மூன்றாவது பதிவின் காரணம் எளிது. அந்த ஆகஸ்டில் ஊழியர் ஒன்பது பேரின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துச் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பென்சிலினுக்கு அடங்காத சீழ்க்கிருமி மூன்று பேர் மூக்கில் குடியிருக்கிறது என்று பதில் வந்தது. அம்மூவரில் ரத்தினவேலும் ஒருவர். அவருக்குக் காய்ச்சல் இல்லை, புண் இல்லை, தும்மல்கூட இல்லை. ஆயினும் அவருடைய மூச்சும் விரலும் நோயாளியை நெருங்கலாகாது என்று டாக்டர் தீர்மானித்தார். எஞ்சிய ஏழாண்டுகளும் வார்டின் துணிகளையும் ஊசிகளையும் கொதிக்கவைக்கும் பின்கட்டு அறையிலேயே அவருக்குக் கழிந்தன. அதில் அவர் பிழை என்று எதுவும் இல்லை. இரண்டாவது பதிவைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. இந்த வரலாறு அதைக் குறித்ததே.

ரத்தினவேல் 1909இல் குளத்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். யுத்த காலத்தில் பட்டாளத்து மருத்துவப் பிரிவில் சேர்ந்து அஸ்ஸாம் எல்லை முகாம்களில் புண் கட்டவும் ஊசி போடவும் கற்றார். பென்சிலின் என்ற மருந்தை அவர் முதலில் பார்த்தது அங்கேதான். அது சொற்பமாக வந்தது. யாருக்குப் போடுவது என்பது ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. கோவேறு கழுதை ஓட்டிய ஒருவன் தொடையில் சீழ் பிடித்துக் கிடந்தான். பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவன் சாகும் வரை அருகில் இருந்து ஈ ஓட்டியவர் ரத்தினவேல்.

ஊர் திரும்பி இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த பின், டிரஸ்ஸர் என்பதோடு வேறொரு பெயரும் அவருக்கு வாய்த்தது. கலியாணம், காதுகுத்து, எந்த விசேஷமானாலும் பந்தி பரிமாற அவரை அழைத்தார்கள். அவர் கையில் வாளியைக் கொடுத்தால் கடைசி இலை வரைக்கும் வரும் என்பார்கள். உட்கார்ந்திருக்கும் வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். அதன் நீளத்துக்குத் தக்கபடி முதல் இலையிலேயே கரண்டியை அளந்துவிடுவார். ஓர் இலைக்கு வாரி வைத்து அடுத்த இலைக்குச் சுருக்குவதையோ, ஓர் இலையைத் தாண்டிப் போவதையோ பந்தி வஞ்சனை என்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லக்கூடிய கடுமையான சொற்களில் அதுவும் ஒன்று. அந்தச் சொல் தம்மேல் விழாமல் ஒன்பது ஆண்டுகள் பரிமாறியிருந்தார் ரத்தினவேல்.

1957 மே மாதம் சிங்கப்பூர்க் கப்பலில் வந்தவர்களோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய புளூக் காய்ச்சல், ஜூன் முதல் வாரத்தில் ஆலங்குடி வட்டாரத்தை எட்டியது. மக்கள் அதைக் கப்பக் காய்ச்சல் என்றார்கள். பெரும்பாலோர் ஐந்தாறு நாள் அனலாய்க் கிடந்து எழுந்துவிட்டார்கள். சிலருக்குக் காய்ச்சல் இறங்குவதுபோல் காட்டி மறுபடி ஏறியது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆயிற்று. ஆஸ்பத்திரியில் படுக்கைகள் இருபத்திரண்டு. ஜூன் பத்தாம் தேதிக் கணக்கில் நோயாளிகள் ஐம்பத்தெட்டு. வராந்தாவிலும், கட்டில்களுக்கு இடையிலும், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழேயும் பாய் விரித்துப் படுத்தார்கள். கை கழுவ வார்டின் மூலையில் ஒரு பேசின். துடைக்க ஆணியில் ஒரு துண்டு. டாக்டர், நர்ஸ், டிரஸ்ஸர், ஆயா எல்லோரும் கை துடைத்தது அந்த ஒரு துண்டில்.

திருச்சியிலிருந்து நூற்றைம்பது குப்பி பென்சிலின் கேட்டிருந்தார்கள். வந்தது நாற்பது; பிறகும் நாளுக்கு அவ்வளவே வந்தது. டாக்டர் ஞானாதிக்கம் ஊழியர்களை அழைத்து உத்தரவு சொன்னார்: புளூவுக்குப் பென்சிலின் கேட்காது, நெஞ்சில் நிமோனியாவின் சத்தம் கேட்பவர்களுக்கு மட்டும் போட வேண்டும், அவர்களுக்குக் காலையும் மாலையும் ஒரு முழுக் குப்பி, நான்கு லட்சம் யூனிட் அளவு, மற்றவர்களுக்குக் குடிக்கும் மிக்சர் மருந்து போதும். யாருக்கு என்பதை அவரே தாளில் எழுதுவார். ரத்தினவேலுக்கு அது இன்னொரு பட்டியலாகவே பட்டது.

மறுநாள் காலை ஊசித் தட்டை ஏந்தி அவர் வராந்தாவில் நடந்தார். கண்ணுசாமி என்ற கடலைக்காட்டுக் கூலியாளின் பாயைக் கடந்து அடுத்த பாய்க்குப் போனபோது, கண்ணுசாமியின் தாயார் பொன்னுத்தாய் நிதானமாகக் கேட்டார்.

“எம்புள்ளைய மட்டும் பந்தியில ஒக்கார வச்சிட்டு எலையத் தாண்டிப் போறீங்களே, இது நல்லாருக்காங்க?”

அருகிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினவேல் டிரஸ்ஸிங் அறைக்குத் திரும்பி, ஒரு குப்பிக்கு ஊற்ற வேண்டிய நீரைப் போல இருமடங்கு ஊற்றிக் குலுக்கினார். ஒரு குப்பி இரண்டு ஊசியாயிற்று. நீர் கூடியதால் சிரிஞ்சு எப்போதும்போல் நிறைந்தே இருந்தது. பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது. கண்ணுசாமிக்குப் போட்டார். வரிசையில் ஒருவரையும் தாண்டவில்லை. டாக்டர் எழுதியிருந்த நோயாளிகளின் தாள்களில், போட்ட அளவு என்ற கட்டத்தில், ‘4 லட்சம்’ என்று குறித்தார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். தீங்கு என்று தெரியாது. பாதியாவது எல்லோருக்கும் போகிறதே என்றுதான் எண்ணியிருந்தார்.

நர்ஸ் ஆரோக்கியம்மாள்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. ரத்தினவேல் வார்டு வாசலில் நின்று தலைகளை எண்ணுவதைப் பார்த்து, “என்ன டிரஸ்ஸர், மாப்பிள்ளை வீட்டுப் பந்தி எறங்கிருச்சா?” என்று அவர் கேலி செய்வதுண்டு.

அந்த வார்டில் சிரிப்புக்கு இடம் வைத்திருந்தவன் இன்னொருவன். ஜெகபர் சாதிக் என்ற இருபத்திரண்டு வயது இளைஞன், ஆலங்குடிச் சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்தவன். பஸ் கூரைமேல் மூட்டை ஏற்றும்போது விழுந்து கால் எலும்பு முறிந்து, காய்ச்சல் பரவுவதற்கு முன்பே படுக்கைக்கு வந்தவன். அவன் காலில் இருந்த புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியவர் ரத்தினவேல். “அண்ணே, கட்டுப் பிரிக்கிறப்ப மட்டும் ஒங்களுக்குப் பட்டாளத்து ஞாபகம் வந்துருதுண்ணே” என்பான் அவன். அவனுடைய தாயார் ரஹீமா பீவி காலை எட்டு மணிக்கு ஆலங்குடியில் புறப்படும் பஸ்ஸில் கஞ்சித் தூக்கோடு வந்து, மாலை பஸ்ஸில் திரும்புவார்.

ஜூன் இறுதியில் வார்டின் போக்கு மாறியது. ஊசி குத்திய இடங்களில் சிலருக்குச் சீழ்க்கட்டி எழும்பியது. நன்றாக இருந்த ஜெகபர் சாதிக்கின் புண் சிவந்து நீர் வைத்தது. பிள்ளை பெற்று வந்த ஒருத்திக்கு மார்பில் கட்டி. நிமோனியாவில் படுத்தவர்களில் பென்சிலின் போட்டும் எழாதவர்கள் கூடினார்கள். கண்ணுசாமி, முதலில் வெறும் புளூவாகத் தெரிந்தவன், நெஞ்சுச் சளி கண்டு, டாக்டரின் பட்டியலிலும் ஏறி, அதற்கு ஆறாம் நாள் இறந்தான். பொன்னுத்தாய் அழுது முடித்து, ஒரு வேளை தவறாமல் ஊசி போட்டீங்க, அதுக்கு மேல ஒங்களால என்ன ஆகும் என்று ரத்தினவேலைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் ஞானாதிக்கம் சீழை எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாமே சில காரியங்களைச் செய்தார். ஆணியில் தொங்கிய துண்டைக் கழற்றி அடுப்பில் போடச் சொன்னார். கையைக் காற்றில் உலர்த்த வேண்டும்; ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடலாகாது; ஊசியோடு சிரிஞ்சையும் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும்; புண்காரர்களை வராந்தாவின் கிழக்குக் கோடிக்கு மாற்ற வேண்டும். இவற்றை ரத்தினவேல் ஒரு நாளும் மீறியதில்லை என்று ஆரோக்கியம்மாள் பின்னாளில் எழுதிக் கொடுத்த குறிப்பில் இருக்கிறது. ஜூலை 9ஆம் தேதி சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஜெகபர் சாதிக்கின் புண்ணிலும் வேறு இருவரின் கட்டியிலும் இருந்தது ஒரே கிருமி. பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மறுநாளே ஜெகபர் சாதிக்குக்கும் புளூ கண்டு, உடனடியாக நெஞ்சில் இறங்கியது.

அதே ஜூலை 10ஆம் தேதி கீரமங்கலத்திலிருந்து மாட்டுவண்டியில் அழகம்மாள் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தாறு, மடியில் நான்கு மாதக் குழந்தை. வரும்போதே நிமோனியா முற்றியிருந்தது. டாக்டர் பென்சிலின் எழுதினார். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. கணவர் சேவுகன் குழந்தையைத் தோளில் போட்டபடி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தார்.

ஜூலை 13, சனிக்கிழமை காலை பத்து மணி. டிரஸ்ஸிங் அறை மேசையில் ஒரு வெள்ளைத் தாளின்மேல் பதினாறு மாத்திரைகள் இருந்தன. ஆரியோமைசின் என்னும் புது மருந்து. டாக்டர் திருச்சியில் தமக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கியவை. ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு நாள், ஒருவருக்குச் சரியாக இருக்கும். மேலும் கிடைக்கப் பத்து நாளாகும். மேசைக்கு இப்பால் ஆரோக்கியம்மாளும் ரத்தினவேலும் நின்றார்கள்.

டாக்டர் தம் முடிவைச் சொன்னார். அழகம்மாளுக்கும் ஜெகபர் சாதிக்குக்கும் முழு அளவில் மூன்று நாள் பென்சிலின் போயிருக்கிறது, இருவருக்கும் இறங்கவில்லை. ஆகவே இருவர் நெஞ்சிலும் இருப்பது வார்டில் உலவும் அந்தக் கிருமிதான். மருந்து ஒருவருக்கு மட்டும். கைக்குழந்தைக்காரி என்பதால் அழகம்மாளுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, ஜெகபர் சாதிக்கின் தாளை அவர் மூடி வைத்தார்.

ரத்தினவேல் தாளின்மேல் இருந்த மாத்திரைகளைப் பார்த்தார்.

“ஆளுக்கு எட்டுங்க, டாக்டர்.”

டாக்டர் நிமிர்ந்தார். கோபப்படவில்லை.

“சோறுன்னா பாதி போட்டாலும் அரை வயிறு நெறையும், ரத்தினவேல். இது அப்படி இல்லப்பா. பாதி மருந்துக்கு நோஞ்சான் கிருமி செத்துப்போவும், பலமுள்ளது தப்பிச்சுப் பெருகும். எட்டெட்டாப் பிரிச்சா ரெண்டு பேரையும் மேல அனுப்பிட்டு, கிருமிய மட்டும் நல்லா வளத்து வச்சிருப்போம்.”

சேவுகனைக் கூப்பிடும்படி அவர் ஆரோக்கியம்மாளிடம் சொன்னார். ஆரோக்கியம்மாள் இரண்டடி எடுத்து வைத்தார். ரத்தினவேலுக்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வீடு. மனைவி மூக்காயியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். சேவுகன் ஜன்னலுக்கு வெளியே, பேசினால் கேட்கும் தொலைவில் இருந்தார். இவை எல்லாம் அப்போது தமக்கு ஞாபகம் வந்ததாகவே ரத்தினவேல் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

“சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க” என்றார். பிறகு டாக்டரிடம், “அந்தப் புள்ளைக்கு முழுசாப் போகலைங்க” என்றார்.

“எந்தப் புள்ளைக்கு?”

“அழகம்மாளுக்கு. பாதிதாங்க போனுச்சு. யாருக்குமே முழுசாப் போகலைங்க. ஜூன் பதினொண்ணுலேருந்து.”

டாக்டர் கட்டில் தாள்களை முன்னால் இழுத்தார். ‘4 லட்சம்’ என்ற குறிப்பின்மேல் விரலை வைத்தார்.

“அப்ப இது?”

“நான் எழுதினதுங்க.”

ஆரோக்கியம்மாள் சுவரோடு சாய்ந்து நின்று, “ஒம்பது பேரு” என்றார். ஜூன் 11க்குப் பின் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் இறந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் எத்தனை பேர் முழு ஊசியால் பிழைத்திருப்பார்கள் என்று டாக்டர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அடங்காத கிருமி பெரிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் சில ஆண்டுகளாகவே இருந்து வந்தது. அது இங்கே எந்த வழியில் நுழைந்தது என்பதற்கும் சான்று இல்லை. நுழைந்தபின் ஒரு மாதம் அதற்குப் பாதி மருந்தே எதிராக இருந்தது என்பதற்கு மட்டும் சான்று உண்டு.

டாக்டர் வெகு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஜெகபர் சாதிக்கின் கிருமியை எந்த அளவுப் பென்சிலினும் தொடாது என்று சென்னைக் கடிதமே சொல்கிறது. அழகம்மாள் வீட்டிலிருந்தே நோயோடு வந்தவள். வார்டுக் கிருமி அவளுக்கு ஒட்டுவதற்கு முன்பே நெஞ்சு கெட்டிருந்தது. பென்சிலின் அவளுக்கு இன்னும் சரியாகப் போடப்படவே இல்லை. அவர் மூடி வைத்த தாளைத் திறந்து, பதினாறு மாத்திரைகளையும் ஜெகபர் சாதிக்கின் பெயரில் எழுதினார். அழகம்மாளுக்கு முழுக் குப்பி, இருவேளை, போடுபவர் ஆரோக்கியம்மாள். பின்பு ரத்தினவேலைப் பார்த்து, சேவுகனிடம் இதை நீதான் சொல்ல வேண்டும் என்றார்.

ரத்தினவேல் வெளியே போய்ச் சொன்னார். சேவுகனுக்கு முதலில் விளங்கவில்லை.

“மூணு நாளும் நாந்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். ஊசி நெறயத்தான இருந்துச்சு?”

“தண்ணி கூட ஊத்துனேங்க. மருந்து பாதிதான்.”

சேவுகன் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். “எங்கள என்ன கேனப்பயலுகன்னு நெனச்சீங்களா?” என்றார். பிறகு, இனிமேல் இவர் கை என் வீட்டுக்காரிமேல் படக் கூடாது என்று ஜன்னல் வழியாக டாக்டரிடம் சொன்னார். அது முன்பே தீர்மானமாகியிருந்தது. பணிப் பதிவேட்டின் இரண்டாவது வரி அந்த மதியம் எழுதப்பட்டது. வேலையை விட்டே நீக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் இருவர் கூறினர். அவர் சொல்லியிராவிட்டால் தமக்குத் தெரிந்தே இருக்காது என்று டாக்டர் எழுத்தில் கொடுத்ததால் அது நடக்கவில்லை.

டாக்டர் அவருக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தார். ஒன்று, ‘4 லட்சம்’ என்று எழுதிய ஒவ்வொரு தாளையும் எடுத்து, சிவப்பு மையில் ‘2’ என்று திருத்திக் கையொப்பமிடுவது. அறுபத்தொரு தாள்கள். கண்ணுசாமியின் தாள் அடுக்கில் நாலாவதாக இருந்தது. மற்றொன்று, ஜெகபர் சாதிக் ஒவ்வொரு மாத்திரையையும் விழுங்கும் நேரத்தை, எட்ட நின்று பார்த்து எழுதுவது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர் கட்டிலின் கால்மாட்டில் முகத்தைத் துணியால் கட்டி நின்றார். முதல் நாள் ஜெகபர் சாதிக், “என்னண்ணே, கொள்ளைக்காரன் மாதிரி கெளம்பிட்டீங்க” என்றான். பிறகு அவனுக்குப் பேச மூச்சு வரவில்லை.

அழகம்மாளுக்கு 16ஆம் தேதி பிற்பகலில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலை எழுந்து சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

ஜெகபர் சாதிக் பதினாறாவது மாத்திரையை 17ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு விழுங்கினான். எட்டரை மணிக்கு இறந்தான். நுரையீரல் இரண்டும் முன்பே அழிந்திருந்ததாக டாக்டர் தாளில் எழுதியிருக்கிறார்.

ரஹீமா பீவி வழக்கமான பஸ்ஸில் கஞ்சித் தூக்கோடு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. சேவுகன் வழியாக வார்டு முழுவதும் பரவிய செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வராந்தாக் கோடியில் நின்ற ரத்தினவேலிடம் வந்தார்.

“எம்மவனுக்கு அந்தப் புது மருந்த முழுசாக் கொடுத்தீங்களா?”

“முழுசாத்தாங்கம்மா. பதினாறும்.”

“ஒங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேங்க. எழுதியும் வச்சிருக்கேன்.”

ஆலங்குடியிலிருந்து சடலம் சுமக்கும் சந்தூக்கோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நாளைக்கு ஊரில் நூறு பேர் நூறு விதமாகப் பேசுவார்கள், இங்கே வந்திருப்பவர்களிடம் அதை நீங்களே சொல்லுங்கள் என்றார் ரஹீமா பீவி. ரத்தினவேல் அந்தத் தாளை எடுத்துவந்து, வராந்தாப் படிக்குக் கீழே நின்ற ஆண்களுக்கு முன்னால், பத்தடி தள்ளி நின்று வாசித்தார். பதிமூன்றாம் தேதி காலை பதினொன்று, ஒன்று. மாலை ஐந்து, ஒன்று. இரவு பதினொன்று, ஒன்று. பதினாறு வரிகளையும் அவர் வாசித்து முடிக்கும்வரை அவர்கள் சந்தூக்கைத் தூக்கவில்லை.